கைதட்டக் கூடாத இடம்

போன மாதம் கூடுவாஞ்சேரியிலிருந்து இரண்டு பேர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். பியானோ டியூன் செய்கிறவர்கள். அடுக்குமாடி வீடுகளில் இப்போது பிள்ளைகளுக்காகப் பியானோ வாங்குகிறார்களாம். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போக நேரம் போதவில்லை என்றார்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஒருவர் கைபேசியை மேசைமேல் வைத்து, அதைப் பார்த்தே சுருதி சேர்த்துவிடலாம் என்று காட்டினார். பிறகு, "உங்களுக்கு ரொம்பத் தண்ணி காட்டின பியானோ எது சார்?" என்று கேட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, இதை எழுதிக் கொடுங்கள், எங்கள் சங்கத்து மலரில் போடுகிறோம் என்றார்கள். எழுதிப் பழக்கமில்லை. பேசுவதுபோலவே எழுதுகிறேன்.

நான் அனகாபுத்தூர்க்காரன். அப்பாவுக்குத் தறி. ஏழாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். தறியிலும் என்னால் உட்கார முடியவில்லை. ஓரிடத்தில் இருந்தால் கால் நமநமவென்று வரும். லாரியில் கிளீனராகப் போனேன். செங்கல்பட்டில் ஓட்டலில் இலை எடுத்தேன். பல்லாவரம் பக்கம் தோல் கிடங்கில் உப்புத் தட்டினேன். வேலை இல்லாத நாட்களில் தாம்பரம் ஸ்டேஷனில் படுத்துக்கொள்வேன். பசி இருந்தது. அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை; அங்கே படுத்திருந்த எல்லோருக்கும் இருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரம் ரயில்வே குடியிருப்பில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. அவர்கள் வீட்டுப் பியானோவை வண்டியில் ஏற்ற ஆள் தேடி ஸ்டேஷனுக்கு வந்தார்கள். நான்கு பேர் போனோம். அது என்ன சாமான் என்றே எனக்குத் தெரியாது. பீரோ போலக் கனத்தது, ஆனால் அசைத்தால் உள்ளேயிருந்து முனகியது. அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே தூக்கினேன், முனகாதபடி இறக்கினேன். வாசலில் தொப்பி போட்ட ஒரு கிழவர் நின்றிருந்தார். பல்லாவரத்தில் பியானோ பழுது பார்க்கும் ராட்ரிக்ஸ். என்னிடம் வந்து, "நீ வச்ச பக்கம் மட்டும் சத்தம் வரலே மேன். நாளைக்கு வா" என்றார். போனேன். அதற்குப் பிறகு வேறு வேலைக்குப் போகவில்லை. ஒட்டிக்கொள்ள ஒரு காரணம் உண்டு: அந்த வேலையே ஊர் சுற்றுகிற வேலை. இன்று பரங்கிமலை, நாளை குரோம்பேட்டை, மறுநாள் செங்கல்பட்டு. உட்கார வைத்து யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை.

முதல் சில வருஷங்களில் தூக்கினேன், துடைத்தேன், பூச்சி அரித்த கம்பளித் துண்டுகளை வெட்டி எடுத்துப் புதிதாக ஒட்டினேன். பிறகு கம்பியை முறுக்கும் ஸ்பானரைக் கையில் கொடுத்தார். ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி போய் மூன்று கம்பிகளை ஒன்றாக அடிக்கும். அந்த மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் ஓசை நேராக வராது, ஆடும். ஆட்டம் மெதுவாகி, மெதுவாகி, நிற்கும் இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். வேலை அவ்வளவுதான். அந்த இடத்தில் கையை எடுக்க எனக்கு நான்கு மழைக்காலம் ஆனது.

ராட்ரிக்ஸின் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் தொப்பியைக் கழற்றிப் பியானோமேல் வைப்பார். வீட்டுக்காரர்கள் என்ன கோளாறு என்று சொல்லத் தொடங்குவார்கள். கையைக் காட்டி நிறுத்திவிடுவார். நடுவில் ஒரு கட்டையை ஒருமுறை அழுத்திவிட்டு, ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஓசை அடங்குகிற வரை திரும்ப மாட்டார். அடங்கிய பிறகுதான், "ம், இப்ப சொல்லுங்க மேடம்" என்பார். திட்ட மாட்டார். நான் கம்பியை அறுத்துவிட்ட நாளில்கூட, "அது நல்ல கம்பி மேன்" என்று இறந்துபோனவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அது திட்டைவிட மோசம்.

அவருக்கு ஒரு விதி உண்டு. கச்சேரிக்கு டியூன் செய்து கொடுத்தால், வாசித்து முடித்து மூடியை மூடுகிறவரை நாம் அங்கேயே இருக்க வேண்டும். உட்காரக் கூடாது. மேடைக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாமல், பையோடு நிற்க வேண்டும். "மூடி மூடுற சத்தம் கேட்டா நம்ம வேலை முடிஞ்சுது. கைதட்டுறது நமக்கு இல்லே மேன்" என்பார்.

அப்படி நின்ற ஒரு கச்சேரியில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

கிழக்குத் தாம்பரத்தில் கிரேஸ் டீச்சர் என்று ஒருவர் இருந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். அப்போது முப்பது வயதுகூட இருக்காது. அவருக்குக் கற்றுக்கொடுத்த வெள்ளைக்கார அம்மா ஊருக்குப் போகும்போது தன் பியானோவை அவருக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூன்று கால் உள்ள, படுத்த வாக்கில் இருக்கும் பியானோ. வருஷத்துக்கு இரண்டு தடவை அதற்கு நாங்கள் போவோம்.

பள்ளிக்கூட விழாவுக்கு டீச்சர் ஒரு கான்செர்ட்டோ வாசிப்பதாக ஏற்பாடு. ஒரு பக்கம் பியானோ, ஒரு பக்கம் வாத்தியக் கூட்டம், இரண்டுக்கும் நடக்கிற பேச்சுதான் கான்செர்ட்டோ. கிறிஸ்தவ சபைகளிலிருந்து வயலின்காரர்கள் சிலரையும், செல்லோ வாசிக்கும் தேவசகாயம் என்ற ரயில்வே கார்டையும் சேர்த்திருந்தார்கள். செல்லோ என்பது உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவில் வைத்து வாசிக்கும் பெரிய வயலின்.

அதற்காக நாங்கள் டியூன் செய்யப் போன அன்று டீச்சர் கடைசிப் பகுதியை வாசித்துக் காட்டினார். பாதியில் ராட்ரிக்ஸ் வாய்விட்டுச் சிரித்தார். நான் பயந்துபோனேன். அவர் சிரித்து அதுவரை பார்த்ததில்லை.

"இன்னாத்துக்கு சார் சிரிக்கிறீங்க?" என்றேன்.

"இதை எழுதினவன் சிரிக்கறதுக்குத்தான் எழுதினான் மேன். செத்து எறநூறு வருஷம் ஆகப்போவுது, இன்னும் கிச்சுகிச்சு மூட்டறான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீச்சர்தான் பொறுமையாகச் சொன்னார். "மாணிக்கம், விழாவுல பெரிய மனுஷங்க பேசுவாங்க இல்ல, தொண்டையச் செருமிக்கிட்டு? வயலினெல்லாம் சேர்ந்து அந்த மாதிரி பேசுது. கேளுங்க." வயலின் பகுதியை இடது கையால் காட்டினார். உண்மையிலேயே மாலை போட்டுக்கொண்டு பேசுவது போலத்தான் இருந்தது. "பேசி முடிச்ச உடனே பியானோ என்ன பண்ணுது? கடைசி ரெண்டு வார்த்தைய மட்டும் பிடிச்சு, பின்னாடி பெஞ்சுலேர்ந்து திருப்பிச் சொல்லுது." மேலே, மெல்லிய ஓசையில், அதே இரண்டு சுரங்கள். நான் சிரித்துவிட்டேன். ஏழாம் வகுப்பில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

"இப்பதான் பெரிய குறும்பு" என்றார் டீச்சர். "எல்லாரும் சேர்ந்து ஓடி வருவாங்க. முடியப்போவுதுன்னு நினைப்போம். பியானோ தனியா மெட்டோட முதல் வரிய மட்டும் வாசிச்சிட்டு நின்னுடும். சுத்தமா சத்தம் இருக்காது. அப்புறம் ஒரே ஒரு கட்டை. டொக், டொக், டொக், டொக். சமையல்கட்டுக்குள்ள போயிட்டு எதுக்கு வந்தோம்னு மறந்துபோயி நிப்போம் இல்ல? அதான் அது. அப்புறம் ஞாபகம் வந்து மறுபடி ஓடும். இதையே மூணு தடவ பண்ணுவார். நாலாவது தடவதான் நிஜமா முடியும்."

இருநூறு வருஷத்துக்கு முன் எங்கோ குளிர்தேசத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு, எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்பது தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

விழா நாளில் மேடைக்குப் பக்கத்தில் நானும் ராட்ரிக்ஸும் நின்றோம். கூட்டம் நிறைய. எல்லோரும் ஆராதனையில் இருப்பது போலக் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். பியானோ கேலி செய்த இடங்களில் ஒருவர்கூட முகத்தை அசைக்கவில்லை. டீச்சர் அந்த முதல் நிறுத்தத்துக்கு வந்தார். சத்தம் நின்றது. உடனே முன் வரிசையில் ஒருவர் கை தட்டினார். கூட்டம் முழுக்கத் தட்டியது. முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். அதோடு விட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். தலைமை விருந்தினர் எழுந்து, பெரிய ரோஜா மாலையோடு மேடை ஏறி வந்து, டொக் டொக்குக்காக விரலைத் தூக்கி வைத்திருந்த டீச்சரின் கழுத்தில் போட்டுவிட்டார்.

மாலை அவர் கைகளுக்கு மேல் விழுந்து கட்டைகளை மறைத்தது. வயலின்காரர்கள் வில்லைத் தூக்கியபடி நின்றார்கள். டீச்சர் ஒரு நொடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, மாலையைக் கழற்றிக் கட்டைகள்மேலேயே விட்டு, மூடியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மூடிச் சத்தம் மண்டபத்தின் கடைசி வரை கேட்டது. மாலை நுனி ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக் கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். தலைமை விருந்தினர் பேசத் தொடங்கினார்.

"வேலை முடிஞ்சுது மேன்" என்றார் ராட்ரிக்ஸ். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் கூப்பிடாமலே டீச்சர் வீட்டுக்குப் போனோம். பியானோவைத் திரும்பக் கொண்டுவந்தால் சுருதி கலைந்திருக்கும், பார்க்க வேண்டும் என்று ஒரு சாக்கு. டீச்சர் காப்பி கொடுத்தார். பள்ளிக்கூடத்தைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசினார். மூடியைத் திறக்க விடவில்லை. கிளம்பும்போது ராட்ரிக்ஸ், "மேடம், அவன் எழுதின ஜோக்கைவிட அவங்க பண்ணது பெரிய ஜோக்கு" என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. "என்னைப் பாத்துச் சிரிச்சாங்க சார். பாட்டைப் பாத்து இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், சபையில் ஞானப்பாட்டுக்கு வாசித்தார். மேடைக்கு மட்டும் போகவில்லை.

கொஞ்ச வருஷத்தில் ராட்ரிக்ஸும் மகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். எல்லா வீட்டுப் பியானோவையும் ஏற்றி அனுப்பிய மனிதர், தன் வீட்டில் ஏற்றுவதற்குப் பியானோ இல்லாமல் போனார். பையை என்னிடம் கொடுத்தார். "இதுல எதுவும் புதுசா வாங்காதே, எல்லாம் நல்லாருக்கு" என்பதைத் தவிர வேறு அறிவுரை சொல்லவில்லை. நான் தனியாகச் சுற்றத் தொடங்கினேன். சைக்கிள், பை, மின்சார ரயில். சில மாதம் நன்றாகப் போகும், சில மாதம் டீயும் பன்னும்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் கார்டு தேவசகாயம் ஸ்டேஷனில் என்னைப் பிடித்தார். இதற்குள் அவர் உடம்பில் இரண்டு மடங்கு ஆகியிருந்தார்.

"மாணிக்கம், கிரேஸை ஒத்துக்க வச்சிட்டேன்யா. சபை மண்டபத்துல. அதே கான்செர்ட்டோ."

"எப்படி சார் ஒத்துக்கினாங்க?"

"நான் ரிட்டயர் ஆகப்போறேன், நாக்பூர்ல மகன் வீட்டுக்குப் போயிடுவேன், அப்புறம் உனக்கு செல்லோவுக்கு ஆளே கெடைக்காதுன்னேன். நெசமாவே இந்த ஊர்ல நான் ஒருத்தன்தானே இருக்கேன்."

டீச்சர் வீட்டுக்குப் போனேன். நாற்பது தாண்டியிருந்தார், முன் நெற்றியில் நரை. பியானோவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது சாதாரணமாகத்தான் சொன்னார்: "மாணிக்கம், இந்தத் தடவையும் அந்த இடத்த நான் தாண்டலைன்னா, இதை யாருக்காவது கொடுத்துடுங்க. இங்க இருந்தா தினமும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யாருக்குக் கொடுக்கலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

மண்டபத்தில் நிரந்தர மேடை கிடையாது. சாப்பாட்டு மேசைகளை ஒன்றாகச் சேர்த்து, மேலே பலகை அடித்து மேடை ஆக்கியிருந்தார்கள். முந்தின நாளே பியானோவை ஏற்றி, இறக்கிய இடத்திலேயே டியூன் செய்தேன். எல்லாக் கட்டையும் வெண்ணெய் மாதிரி இறங்கி ஏறியது. சாயங்காலம் ஒத்திகை. வாத்தியக்காரர்கள் உட்கார்ந்தார்கள். டீச்சர் அந்த நிறுத்தத்துக்கு வந்து விரலை வைத்தார். டொக் வரவில்லை. கட்டை பாதி வழியில் நின்றுவிட்டது. அதே கட்டை. மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தது.

டீச்சர் என்னைப் பார்த்தார். "போன தடவ ஜனங்க முடிச்சு வச்சாங்க. இந்தத் தடவ பியானோவே முடிச்சு வைக்குது" என்றார்.

எல்லோரும் போன பிறகு நான் போய் அழுத்தினேன். வெண்ணெய். மறுபடி அழுத்தினேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஈரம் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் பாதிக் கோளாறு ஈரத்தால்தான். முன்பக்கப் பலகையை மட்டும் கழற்றி, அந்தக் கட்டைக்கும் பக்கத்துக் கட்டைகளுக்கும் அடியில் ஊறிப்பருத்த கம்பளியைக் குறட்டால் அழுத்தி, ஆணியைத் தேய்த்து மாட்டினேன். உள்ளே சின்ன விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டு விடியும்வரை சூடு காட்டினேன். காலையில் டீச்சர் வந்து அந்த ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அருமையாக வந்தது. நிம்மதியாகப் போய்ச் சாப்பிட்டேன்.

கச்சேரி அன்று மாலை. மதியம் கடைசி ஒத்திகை வைத்தார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அதே இடம். கட்டை இறங்கவில்லை.

டீச்சர் கட்டையிலிருந்து விரலை எடுத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் பையைத் திறந்து பெரிய திருப்புளியை எடுத்துப் பியானோமேல் வைத்துவிட்டு யோசித்துக்கொண்டு நின்றேன். அப்போது தேவசகாயம், தண்ணீர் குடிக்கலாம் என்று நாற்காலியை விட்டு எழுந்தார். திருப்புளி மெல்ல உருண்டு என் பக்கம் வந்தது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திருப்புளி உருண்டு அவர் பக்கம் போனது.

"சார், கொஞ்சம் எழுந்திரிங்க" என்றேன்.

எழுந்தார். கட்டையை அழுத்தினேன். வெண்ணெய்.

"இப்ப உக்காருங்க."

உட்கார்ந்தார். கட்டை பாதியில் நின்றது.

"இன்னாய்யா, என்னை வச்சு டியூன் பண்றியா?" என்றார் தேவசகாயம்.

"உங்க வெயிட்டுக்கு மேடை சாயுது சார். மேடை சாஞ்சா உள்ள ஏதோ உருளுது."

"என் வெயிட்டைப் பத்தி ரயில்வே டாக்டரே பேச மாட்டாரு. நீ பேசுறியா?" என்றார். வயலின்காரர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. ஜனங்கள் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

படுத்த பியானோவில் கட்டைகள் எல்லாம் சேர்ந்து ஒரே மேசை டிராயர் மாதிரி வெளியே வரும். இழுக்கும்போது ஒரு சுத்தி மாட்டி ஒடிந்தாலும் போச்சு. அதனால் அவசரத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். செய்யாமல் வழியில்லை. இரண்டு வயலின்காரர்களை ஒரு பக்கம் தாங்கச் சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து மேசைமேல் வைத்தேன். கட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதில் ஒரு குறுக்குச் சட்டம், சரியாக அந்த டொக் டொக் கட்டைக்குக் கீழே. சட்டத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு துண்டுச் சிலேட்டுக் குச்சி கிடந்தது. பாட்டுக் கற்றுக்கொள்ள வந்த எந்தப் பிள்ளையோ எப்போதோ கட்டைகளுக்கு நடுவில் போட்டது. வீட்டில் சமதரையில் அது சிவனே என்று கிடந்திருக்கிறது. இங்கே தேவசகாயம் உட்கார்ந்ததும் உருண்டுவந்து சட்டத்தில் முட்டி, கட்டைக்கு முட்டுக்கொடுத்திருக்கிறது. அவர் எழுந்ததும் திரும்பிப் போயிருக்கிறது. நான் முந்தின நாள் கழற்றிப் பார்த்தபோது அது எட்டாத இடத்தில் இருந்தது.

குச்சியை டீச்சர் கையில் கொடுத்தேன். விரலால் உருட்டிப் பார்த்தார். "எழுதினவர் செத்தும் குறும்பு போகலை போல" என்றார். அவர் உதட்டில் லேசாக ஏதோ வந்து போனது. நான் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மூட்டியபோது வாசலில் ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

இந்தத் தடவை மாலை விஷயத்தில் உஷாராக இருந்தார்கள். சபைப் போதகரான ஐயரே மேடையில் நின்று, "டீச்சர் எழுந்திருக்கிறவரை யாரும் கைதட்ட வேண்டாம், தயவுசெய்து பயபக்தியோடு கேட்போம்" என்று சொல்லிவிட்டார். மாலையை வைத்திருந்த சபைச் செயலாளரைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பையோடு மேடைக்குப் பக்கத்தில் நின்றேன், ராட்ரிக்ஸ் நின்றதைப் போல.

நன்றாகத்தான் போனது. வயலின்கள் பேசின, பியானோ பின்பெஞ்சிலிருந்து திருப்பிச் சொன்னது. ஜனங்கள் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். பயபக்தி என்றால் பயபக்தி. கடைசிப் பகுதி வந்தது. எல்லோரும் ஓடி வந்தார்கள். டீச்சர் தனியாக மெட்டின் முதல் வரியை வாசித்தார். நிறுத்தினார்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு ஆரம்பிக்குமுன் பியானோவில் முதல் வரியை மட்டும் வாசித்து நிறுத்துவார்கள். அந்த நிறுத்தத்தில் சபை எழுந்து நிற்கும். ஒவ்வொரு ஞாயிறும் அதை வாசித்து நிறுத்துகிறவர் இதே கிரேஸ் டீச்சர்தான்.

முன் வரிசையில் ஒரு பென்ஷன்காரர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து அடுத்தவர். பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம் அலைபோலப் பின்னால் போயிற்று. மண்டபம் முழுவதும் எழுந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பாடுவதற்குத் தயாராக நின்றது. மாலைக்காரரும் நின்றார்.

டீச்சரின் விரல் அந்தக் கட்டைக்கு மேலே நின்றது. அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார், இதோ மூடியைப் போடப்போகிறார் என்று நினைத்தேன். தேவசகாயத்தைப் பார்த்தேன். அவர் செல்லோவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, சிவந்துபோய், கண்ணில் தண்ணீரோடு இருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார்.

டொக். டொக். டொக். டொக்.

நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதற்கு எழுந்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பியானோவுக்கு ஞாபகம் வந்து மெட்டு மறுபடி ஓடத் தொடங்கியது. ஜனங்கள் அசட்டு முகத்தோடு உட்கார்ந்தார்கள். பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாவது தடவை முதல் வரி வந்து நின்றதும் பாதிப் பேர் மறுபடி எழுந்தார்கள். பழக்கம் விடவில்லை. மீதிப் பேர் அவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். "ஒக்காருப்பா. ஏமாத்துறாங்க." "இல்லண்ணா, நெசமாட்டும்தான் இருந்துச்சு." மண்டபம் சிரித்தது. டீச்சர் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, பிறகு தட்டினார்.

மூன்றாவது தடவை ஒருவரும் எழவில்லை. எல்லோரும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மாட்ட மாட்டோம் என்பதுபோல அவரையே பார்த்தார்கள். அவரும் விரலைத் தூக்கிக்கொண்டு அவர்களையே பார்த்தார். எழுதியிருந்ததைவிட நிச்சயம் அதிக நேரம் காக்கவைத்தார். யாரோ பொறுக்க முடியாமல், "டொக்" என்று வாயாலேயே சொன்னார். அப்புறம் வெடித்த சிரிப்பில் பென்ஷன்காரர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். டீச்சர், வாயால் சொன்னவர் பக்கம் தலையை அசைத்துவிட்டு, டொக் டொக் என்று பதில் சொன்னார்.

பிறகு உண்மையான முடிவு வந்தது. எல்லா வாத்தியமும் சேர்ந்து, தடபுடலாக, சந்தேகமே இல்லாத முடிவு. டீச்சர் கையை எடுத்தார்.

ஒருவரும் தட்டவில்லை. மண்டபம் மூச்சுவிடாமல் காத்திருந்தது. இதுவும் ஏமாற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அவரும் உட்கார்ந்திருந்தார். பிறகு முழுதாகத் திரும்பி, "நெஜமாவே முடிஞ்சுது" என்றார்.

கடைசி வரிசையிலிருந்து செயலாளரின் குரல் வந்தது. "கார்டு சார், நல்லா கேட்டுச் சொல்லுங்க. அப்புறம்தான் நான் மாலையோட வருவேன்."

அந்தக் கைதட்டலை நான் எழுதிக் காட்ட முடியாது. ஜனங்கள் மேடைமேல் ஏறினார்கள், மேசைகள் கிறீச்சிட்டன. டீச்சர் கழுத்தில் மாலையோடு, நடுவில் நின்று, எல்லோருக்கும் எந்த இடத்தில் எப்படி ஏமாந்தார்கள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படியே பேசிக்கொண்டே அவர்களோடு வெளியே டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் பையோடு காத்திருந்தேன். மூடி மூடுகிற சத்தம் கேட்கவே இல்லை. மண்டபம் காலியான பிறகு போய்ப் பார்த்தேன். பியானோ திறந்தே கிடந்தது. அவருக்கு மறந்துவிட்டது. இத்தனை வருஷ வேலையில் அன்று ஒருநாள்தான் கச்சேரி முடிந்த பியானோவுக்கு மூடியை நான் போட்டேன். முனகாமல், மெல்ல.